யாருடைய லைன்? டயல்-அப் காலத்தின் ஒரு வீட்டுக் கணக்கு

2000-ஆம் ஆண்டில், பெரம்பூரில் எங்கள் வீட்டுத் தொலைபேசி எண் எங்கள் தெருவில் ஏழு குடும்பங்களுக்கும் எண்ணாக இருந்தது. ரேஷன் கடை விண்ணப்பத்திலும் பள்ளிக்கூட டைரியிலும் அந்த எண்ணை எழுதி, பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டுக்கொள்வார்கள். எண் அடுத்த வீட்டுடையது, கூப்பிட்டால் ஆளை அழைத்துவந்து கொடுப்பார்கள் என்று அதற்குப் பொருள். அழைத்துவந்து கொடுத்தவர் என் அம்மா. அடுப்பைக் குறைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, வாசலில் நின்று குரல் கொடுப்பார். தொலைபேசி இணைப்பு அப்பாவின் பெயரில் இருந்தது. அதை ஒரு தெருவுக்குப் பயன்படும் பொருளாக நடத்தியது அம்மா.

கோடி வீட்டு அக்காவின் கணவர் துபாயில் வேலை செய்தார். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று இரவு ஒன்பது மணிக்கு மேல் அவர் கூப்பிடுவார். அக்கா எட்டே முக்காலுக்கே வந்து கூடத்தில் உட்கார்ந்திருப்பார். வாரத்துக்கு ஐந்து நிமிடம். அவர்களுடைய தாம்பத்தியம் பெரும்பாலும் எங்கள் கூடத்தில், எங்கள் எல்லோர் காதிலும் விழும்படிதான் நடந்தது.

அந்த ஆண்டு அண்ணன் கடன் வாங்கி ஒரு அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தான். அதில் 28.8 மோடம் ஒன்று இருந்தது. மோடம் பேசும்போது தொலைபேசி பேசாது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு அக்கா ஒன்பது மணியிலிருந்து பதினொன்று வரை காத்திருந்துவிட்டு எழுந்து போனார். துபாயில் அவர் கணவருக்கு இரண்டு மணி நேரமும் எங்கேஜ்டு டோன்தான் கேட்டிருக்கிறது. அன்று உள்ளறையில் இணைப்பில் இருந்தது அண்ணன் இல்லை, நான்தான். மேற்படிப்புக்கான உதவித்தொகை விவரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. புதிதாக 56 மோடம் வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றான் அண்ணன். "எல்லாம் சீக்கிரம் வந்துடும்மா. வேலை முடிஞ்சா லைன் ஃப்ரீயாயிடும்." அம்மா கேட்டார்: "சீக்கிரம் முடிஞ்சா எழுந்துடுவியா?" எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் அண்ணனும் பேசி முடிவெடுத்தார்கள். அடுத்த மாதம் மோடம் வந்தது.

அம்மாவின் கேள்வியை அன்று நகைச்சுவையாக எடுத்துக்கொண்டோம். தொழில்நுட்ப வரலாற்றை வாசிக்கத் தொடங்கிய பிறகுதான், அந்த வரலாற்றில் பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்டு, திரும்பத் திரும்பப் பதில் கிடைக்காமல் போன கேள்வி அது என்று எனக்குப் புரிந்தது.

அந்த மோடம் எதைச் செய்தது?

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. கம்ப்யூட்டரின் எண்களை ஒலியாக மாற்றி அந்தக் கம்பியில் அனுப்புவதும், வந்த ஒலியை மறுபடி எண்களாக்குவதும் மோடத்தின் வேலை. இணைப்புக் கிடைக்கும்போது கேட்ட அந்தக் கீச்சொலி, இரண்டு மோடங்கள் எந்த வேகத்தில் பேசுவது என்று தமக்குள் ஒத்துக்கொண்ட சத்தம். 28.8 என்றால் நொடிக்கு 28.8 கிலோபிட். 1998-இல் வி.90 என்ற பொதுத் தரம் ஏற்கப்பட்டதும் 56 மோடங்கள் பரவலாகின. பெட்டியில் 56 என்று அச்சிட்டிருந்தாலும் அது இறக்கும் வேகம் மட்டுமே. அனுப்பும் வேகம் 33.6-ஐத் தாண்டாது. இறக்கும் வேகம்கூட எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரையிலான செம்புக் கம்பி நன்றாக இருந்தால்தான் கிடைக்கும். மழை பெய்தால் கரகரக்கும் பழைய கம்பியில் 56 மோடமும் முப்பதுக்குள் இறங்கிவிடும்.

ஆகவே 'மோடத்தை மாற்றலாமா' என்பதற்கு நேர்மையான பதில், அதில் என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பொறுத்தது. நூறு கிலோபைட் படம் ஒன்று 28.8-இல் வர ஏறக்குறைய 28 நொடி. 56-இல், கம்பி ஒத்துழைத்தால், அதில் பாதியை ஒட்டி வரும். படமும் பாட்டும் மென்பொருளும் இறக்குபவருக்கு இது பெரிய லாபம். ஒரு பக்கக் கடிதத்துக்கோ இரண்டு கிலோபைட் போதும். பழைய மோடத்தில் அரை நொடி, புதியதில் கால் நொடி. இணைப்புக் கிடைப்பதற்கே அரை நிமிடம் ஆகும் இடத்தில் இந்தக் கால் நொடிக்கு ஒரு மதிப்பும் இல்லை. அந்தக் காலத்தில் நானும் என் தோழிகளும் இணையத்தில் செய்தது பெரும்பாலும் கடிதம் எழுதுவதும் எழுத்து வாசிப்பதும்தான்.

பில் கணக்கு வேறு இருந்தது. இணைய நிறுவனத்துக்குக் கட்டும் பணம் போக, இணைப்பில் இருக்கும் நேரம் முழுவதும் லோக்கல் கால் ஓடிக்கொண்டிருக்கும். மூன்று நிமிடத்துக்கு ஒரு கால் என்றால் மணிக்கு இருபது கால். வீட்டுச் செலவை வைத்துக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு இந்த இருபது கால்தான் கண்ணில் படும், கிலோபிட் படாது. பில் வந்த நாளில் யார் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள் என்ற விசாரணை நடக்கும். அதில் மகனின் நேரம் 'படிப்பு' என்றும் மகளின் நேரம் 'பேச்சு' என்றும் பதிவாகும்.

யார் வீட்டில் இருந்தது லைன்?

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் வழியே தொடங்கியது. சென்னை முதல் நகரங்களில் ஒன்று. மாணவர்களுக்கு ஆண்டுக்கு 500 ரூபாயில் 'ஷெல்' கணக்கு கிடைத்தது. அதில் எழுத்து மட்டும் தெரியும், படம் தெரியாது. படம் தெரியும் கணக்குக்குப் பல ஆயிரங்கள். 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது. சென்னையிலிருந்தே சத்யம் இன்ஃபோவே முதல் தனியார் சேவையாகக் களமிறங்கியது. கட்டணம் இறங்கத் தொடங்கியது.

ஆனால் இந்தத் தேதிகள் எல்லாம் ஒரு தொலைபேசி இணைப்பு ஏற்கெனவே வீட்டில் இருந்தவர்களின் வரலாறு. 1995-இல் இந்தியாவில் நூறு பேருக்கு இரண்டு தொலைபேசிகூட இல்லை. இணைப்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். வந்த இணைப்பு குடும்பத் தலைவர் பெயரில் வந்தது. கூடத்தில், எல்லோருக்கும் கேட்கும் இடத்தில் வைக்கப்பட்டது. எஸ்.டி.டி. வசதிக்குப் பூட்டு போட்டு, சாவியோ ரகசிய எண்ணோ அப்பாவிடம் இருந்த வீடுகள் எத்தனை! மோடம் இந்த ஏற்பாட்டுக்குள்தான் வந்து சேர்ந்தது. தொலைபேசி மீதான அதிகாரம் யாரிடமோ, இணையமும் அவரிடமே போனது.

தொலைபேசிக்குள் பெண்களின் இடம் எப்போதும் இப்படி இரண்டாகப் பிரிந்துதான் இருந்திருக்கிறது. 1878-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எம்மா நட் முதல் பெண் ஆபரேட்டராகச் சேர்ந்தார். அதற்கு முன் அந்த வேலையில் இருந்த பையன்கள் வாடிக்கையாளர்களிடம் மரியாதையில்லாமல் பேசியதுதான் காரணம். பிறகு உலகம் முழுவதும் இணைப்புக் கொடுக்கும் குரல் பெண் குரலாயிற்று. மற்றவர்களை இணைத்துவைக்கும் வரையில் பெண் நல்லவள். அவளே பேசத் தொடங்கினால் 'அரட்டை'. வியாபாரத்துக்கான கருவியை மனைவிமார்கள் வெட்டிப் பேச்சுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று தொடக்ககால அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்கள் அலுத்துக்கொண்டதை கிளாட் ஃபிஷர் 1992-இல் வெளியான 'அமெரிக்கா காலிங்' நூலில் விரிவாகக் காட்டுகிறார். அந்தப் பேச்சுதான் தொலைபேசியின் முக்கியமான பயன் என்பதை நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளப் பல பத்தாண்டுகள் பிடித்தன. எங்கள் தெருவில் அம்மா செய்ததும் ஆபரேட்டர் வேலைதான். சம்பளம் இல்லை. அதை வேலை என்று நாங்கள் யாரும் சொன்னதும் இல்லை.

வேகம் எங்கே போயிற்று?

புது மோடம் வந்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன். பக்கங்கள் சீக்கிரம் வந்தன. நாங்கள் எழுந்திருக்கவில்லை. முன்பு படங்களை நிறுத்திவைத்துவிட்டு எழுத்தை மட்டும் வாசித்த நான் படங்களையும் திறந்தேன். அண்ணன் ஒரு பாட்டுக்குப் பதில் மூன்று பாட்டு இறக்கினான். இரண்டு மணி நேரம் இரண்டரை ஆயிற்று. பக்கங்களும் சும்மா இருக்கவில்லை. எல்லோரிடமும் வேகம் வந்துவிட்டது என்று அவற்றின் எடை கூடிக்கொண்டே போனது. மிச்சமான நேரம் லைனுக்குத் திரும்பவில்லை.

இதை முன்பே ஒருவர் எழுதியிருக்கிறார். ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் 1983-இல் வெளியிட்ட 'மோர் வொர்க் ஃபார் மதர்' என்ற நூல், வீட்டுக்குள் வந்த இயந்திரங்களின் கதையைச் சொல்கிறது. அடுப்பும் துவைக்கும் இயந்திரமும் வந்தபோது ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைகள் குறைந்தன. விறகு வெட்ட வேண்டாம், தண்ணீர் சுமக்க வேண்டாம். அம்மாவின் வேலை நேரம் மட்டும் எதிர்பார்த்தபடி குறையவில்லை. துவைப்பது எளிதானதும் அடிக்கடி துவைக்க வேண்டும் என்றாயிற்று. வெளியே போட்ட சலவை வீட்டுக்குள் திரும்பி வந்தது. சுத்தத்தின் அளவுகோல் உயர்ந்தது. கருவி மிச்சப்படுத்தும் நேரம் யாருக்குப் போகும் என்பதைக் கருவி முடிவு செய்வதில்லை, வீட்டில் ஏற்கெனவே உள்ள ஏற்பாடுதான் முடிவு செய்கிறது. "சீக்கிரம் முடிஞ்சா எழுந்துடுவியா" என்று அம்மா கேட்டது இதைத்தான்.

வில்லியனூரின் கணக்கு

இதே ஆண்டுகளில் எங்கள் வீட்டிலிருந்து 160 கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்தில், புதுச்சேரி வட்டாரத்துக் கிராமங்களில், இந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்ட ஒரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியுதவியோடு அங்கே தகவல் மையங்களைத் தொடங்கியது. நடு மையம் வில்லியனூர். அங்கே டயல்-அப் இணைப்பு. அங்கிருந்து எம்பலம், கீழூர், வீராம்பட்டினம் போன்ற கிராமங்களுக்குத் தகவல் வானொலி அலைவழியே போனது. மின்வெட்டைச் சமாளிக்கச் சூரிய ஒளித் தகடுகள். வேகம் என்று பார்த்தால் சென்னையில் எங்கள் வீட்டு மோடத்தைவிட ஒன்றும் உயர்வில்லை.

ஆனால் அவர்கள் முதலில் பேசியது வேகத்தைப் பற்றியல்ல, அறையைப் பற்றி. ஊர் இலவசமாக இடம் தர வேண்டும். அந்த இடத்துக்குள் சாதி, பால் வேறுபாடில்லாமல் எல்லோரும் வரலாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எம்பலத்தில் ஊர்ப் பெரியவர்கள் கோயிலின் ஒரு பக்கத்தை ஒதுக்கிக் கொடுத்தார்கள். கோயிலுக்கு இரண்டு வாசல் ஆயிற்று. ஒரு வாசலில் தலித்துகளுக்கும் மாதவிலக்கான பெண்களுக்கும் அனுமதியில்லை. கம்ப்யூட்டர் இருந்த மறு வாசலில் யாரும் நுழையலாம். ஒரே கட்டடத்தின் இரண்டு வாசல்களில் இரண்டு விதமான சட்டம். முதல் வாசலின் சட்டத்தை இரண்டாவது வாசல் மாற்றிவிடவில்லை என்பதையும் சேர்த்தே இதை நாம் வாசிக்க வேண்டும். ஆனால் அந்த நாட்களிலும் ஒரு பெண் உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, விசைப்பலகையில் கைவைக்கலாம் என்பது அந்த ஊரில் புதிது.

பல மையங்களை நடத்தியவர்கள் உள்ளூர்ப் பெண்கள். பள்ளிப் படிப்பு முடித்தவர்கள் தமிழில் தட்டச்சு கற்றுக்கொண்டு, நெல் விலை, மருத்துவமனை விவரம், அரசு நலத்திட்டங்களின் பட்டியல் என்று ஊருக்குத் தேவையானதைத் தமிழில் சேர்த்தார்கள். தமிழுக்கு ஒரே விசைப்பலகையும் எழுத்துக் குறியீடும் வேண்டும் என்று சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியதே 1999 பிப்ரவரியில்தான். இணையம் என்றாலே ஆங்கிலம் என்றிருந்த காலம் அது. மோடம் எவ்வளவு வேகமாக இருந்தாலும் புரியாத மொழி வேகமாக வந்து என்ன பயன்? இந்தப் பெண்களைத் 'தன்னார்வலர்கள்' என்று அழைத்தார்கள். அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் வாசலில் நின்று குரல் கொடுத்த அம்மா எனக்கு நினைவுக்கு வருகிறார். இணைத்துவைக்கும் வேலை பெண்ணிடம் வந்து சேரும்போது, அதற்கான கூலி பின்தங்கிவிடுகிறது.

அந்த மையங்கள் செய்தவற்றைக் கிலோபிட்டில் அளந்தால் ஒன்றுமே தேறாது. கீழூரில் எழுத்தறியாத ஒரு பெண்ணின் கறவைப் பசு கன்று ஈன முடியாமல் நாள்கணக்கில் தவித்தது. மையத்தில் இருந்த கால்நடை மருத்துவர் பட்டியலைப் பார்த்து ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்தார், கன்று பிழைத்தது. ஒரு பக்கம்கூட வராத பட்டியல் அது. வீராம்பட்டினம் மீனவக் கிராமம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வெளியான அலை உயர முன்னறிவிப்பை வில்லியனூரில் இறக்கி, தமிழாக்கி அனுப்புவார்கள். கடற்கரையில் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படும். கடலுக்குப் போகலாமா என்பது ஆண்களின் கேள்வி. போனவர் திரும்புவாரா என்பது கரையில் இருக்கும் பெண்களின் கேள்வி. இரண்டுக்கும் ஒரே ஒலிபெருக்கியில், ஒரே நேரத்தில் விடை வந்தது.

2004 டிசம்பர் 26 காலை. அந்தத் திட்டத்தைச் சேர்ந்த இன்னொரு மீனவக் கிராமம் நல்லவாடு. அவ்வூர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சுனாமிச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். செய்தி தகவல் மையத்துக்குப் போனது, ஒலிபெருக்கி முழங்கியது, ஊர் ஓடித் தப்பித்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த கிராமம் அது. வீடுகளும் படகுகளும் போயின, உயிர்கள் நின்றன. அன்று நல்லவாட்டைக் காப்பாற்றியவை ஒரு தொலைபேசி அழைப்பும் ஒரு ஒலிபெருக்கியும், அவை எங்கே இருக்கின்றன, எப்படி இயக்குவது என்று தெரிந்த மனிதர்களும். இதைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது: அவர் கூப்பிட்ட நேரத்தில் லைன் காலியாக இருந்திருக்கிறது.

மாறியது எது, மாறாதது எது

வேகம் வீண் என்று நான் சொல்லவில்லை. மருத்துவ அறிக்கையும் பாடக் காணொளியும் பார்க்க வேண்டிய பெண்ணுக்கு மெதுவான இணைப்பு ஒரு தடைதான். 'பெண்களுக்கு இது போதும்' என்று மெதுவானதை நம் தலையில் கட்டுவதற்கும் நான் வழிவிட மாட்டேன். ஆனால் எந்த மாற்றம் யாருக்கு உதவியது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

2004 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்த கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட்டும் அதற்கு மேலும் கிடைக்கும் இணைப்பையே பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். அந்தச் சேவையைத் தொடங்கியது. எங்கள் வீட்டுக்கும் வந்தது. எல்லோரும் வேகத்தைக் கொண்டாடினோம். அம்மா கொண்டாடியது, தொலைபேசிக்குப் பக்கத்தில் பொருத்தப்பட்ட தீப்பெட்டி அளவு வெள்ளைப் பெட்டியை. ஸ்ப்ளிட்டர் என்று பெயர். குரல் தாழ்ந்த அதிர்வெண்ணிலும் இணையம் உயர்ந்த அதிர்வெண்ணிலும் ஒரே கம்பியில் போக, இரண்டையும் அது பிரித்துக்கொடுத்தது. இணையம் ஓடும்போதே மணி அடித்தது. அம்மாவின் பழைய கேள்விக்குப் பதில் சொன்னது அந்தப் பெட்டிதான். அவருக்குத் தேவைப்பட்டது அது மட்டுமே என்று யாரேனும் ஒருமுறை கேட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும். இரண்டாவது இணைப்புக்கு எழுதிக்கொடுப்பதா, வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது முதல் பத்து வரை மோடத்தைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்வதா என்றாவது பேசியிருப்போம். இரண்டாவதற்குச் செலவே இல்லை.

இன்று ஒவ்வொருவர் கையிலும் அந்த மோடத்தைவிட ஆயிரம் மடங்கு வேகம் இருக்கிறது என்கிறோம். ஒவ்வொருவர் கையிலுமா? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், இந்தியாவில் எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியிருக்கும் பெண்கள் 33 சதவீதம், ஆண்கள் 57 சதவீதம். தாமே பயன்படுத்தும் மொபைல் வைத்திருக்கும் பெண்கள் 54 சதவீதம். மற்றவர்கள் கணவருடைய, மகனுடைய, அண்ணனுடைய போனில் பேசுகிறார்கள். பி.பி. நம்பர் ஒழியவில்லை, வீட்டுக்குள் போய்விட்டது.

சொந்தப் போன் இருந்தால் போதுமா? கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டத்தில், ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் மாலை ஆறு முதல் இரவு பத்து வரை மொபைல் கூடாது என்று விதி போட்டார்கள். படிக்கும் நேரம் அது. ஃபஹீமா ஷிரின் என்ற மாணவி ஒப்புக்கொள்ள மறுத்தார், விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார், உயர் நீதிமன்றம் போனார். இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவரிடம் கருவி இருந்தது, வேகம் இருந்தது. நேரத்தின் சாவி மட்டும் வேறொருவர் கையில் இருந்தது. எங்கள் கூடத்தில் நடந்த பஞ்சாயத்து அந்த விடுதியிலும் நடந்திருக்கிறது. வித்தியாசம், அங்கே ஒரு பெண் எழுந்து நின்று கேட்டாள், சிரித்துத் தள்ள முடியாத இடத்தில் போய்க் கேட்டாள்.

நம் வீட்டில் அடுத்து ஏதேனும் வாங்கும்போது, ஃபைபர் இணைப்போ புதுப் போனோ, விலையையும் வேகத்தையும் விசாரிப்போம். கூடவே யார் பெயரில், எந்த அறையில், யார் நேரத்தில், கடவுச்சொல் யாரிடம் என்பதையும் கேட்போம். வீட்டில் வேலை செய்பவர், படிக்கும் மகள், வயதான மாமியார் ஆகியோரையும் உட்காரவைத்துக் கேட்போம். நானும் ஒரு பெண்ணின் வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொண்டவள்தான் என்பதால் இதைச் சொல்கிறேன்.

2003 மே மாதம் முதல் மொபைலுக்கு வரும் அழைப்புகள் இலவசமாயின. அடுத்த ஆண்டு கோடி வீட்டு அக்கா ஒரு சின்ன போன் வாங்கினார். கறுப்பு வெள்ளைத் திரை, இணையம் கிடையாது. ஒருநாள் மாலை வந்து, ஒரு துண்டுச் சீட்டில் எண்ணை எழுதி அம்மாவிடம் கொடுத்தார். பத்து இலக்கம். பக்கத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவர் எங்கள் கூடத்துக்கு வரவில்லை. என்ன பேசினார்கள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது.